தரவுத்தளம் நிற்காமல் ஓடுவது எப்படி?

மேல்நிலை வகுப்பில் தரவுத்தளப் பாடத்தை நடத்தி முடித்ததும் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். “நள்ளிரவு 2 மணி. ஒருவர் ஏ.டி.எம். இயந்திரத்தில் அட்டையைச் செருகிப் பணம் எடுக்கிறார். அதே நொடியில், அவருடைய வங்கியின் தரவுத்தளம் இருக்கும் கணினியில் வன்தட்டு பழுதாகிவிடுகிறது. என்ன நடக்கும்?”

“பணம் வராது சார்” என்று பெரும்பாலோர் சொல்வார்கள். முன்வரிசையில் ஒருவர், “பேக்கப் எடுத்து வெச்சிருப்பாங்க சார்” என்பார். முதல் பதில் நடக்கக்கூடியதுதான். இரண்டாவது பதிலில் அரைப்பங்கு உண்மை இருக்கிறது. ஆனால் நன்றாக அமைக்கப்பட்ட ஒரு வங்கியில், பணம் எடுப்பவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. இரண்டு மூன்று நொடி தாமதமாகலாம், அவ்வளவுதான். இது எப்படி முடிகிறது என்பதை நம் பாடம் சொல்வதில்லை. அட்டவணை, முதன்மைத் திறவுகோல், உறவுநிலை, வினவல் கட்டளைகள் என்று தரவை எப்படி அடுக்குவது, எப்படி எடுப்பது என்பதோடு பாடம் நின்றுவிடுகிறது. மாணவர்கள் தம் வாழ்வில் தரவுத்தளத்தைச் சந்திப்பதோ வேறு விதமாக. தேர்வு முடிவு வெளியாகும் காலையிலும், தட்கல் பயணச்சீட்டு எடுக்கும் 10 மணிக்கும் அவர்கள் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: திறக்குமா, திறக்காதா?

இந்தப் பகுதியை ஒன்றிரண்டு பாடவேளைகளில் எப்படிச் சொல்லித் தரலாம் என்பதே இக்கட்டுரை. கணினி ஆசிரியர்களுக்கு மட்டுமன்று. கணிதம், இயற்பியல், கணக்குப்பதிவியல் நடத்துவோருக்கும் இதில் வேலை இருக்கிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இறுதியில் உள்ள விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம்.

எத்தனை ஒன்பது?

சதவீதக் கணக்கிலிருந்து தொடங்குவது எளிது. “எங்கள் சேவை 99 சதவீத நேரம் கிடைக்கும்” என்று ஒரு நிறுவனம் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண் போலத் தோன்றும். கரும்பலகையில் கணக்கைப் போடச் சொல்லுங்கள். ஓர் ஆண்டுக்கு 365 × 24 = 8,760 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் 87.6 மணி. அதாவது மூன்று நாள்களுக்கும் மேலாக, 3.65 நாள்கள், கதவு மூடிக் கிடக்கும். 99.9 என்றால் ஆண்டுக்கு 8.76 மணி நேரம். 99.99 என்றால் 52.56 நிமிடம். 99.999 என்றால் வெறும் 5.256 நிமிடம், சுமார் 5 நிமிடம் 15 நொடி. ஒவ்வொரு ஒன்பதும் நிற்கும் நேரத்தைப் பத்தில் ஒரு பங்காக்குகிறது. துறையில் இருப்பவர்கள் ‘மூன்று ஒன்பது’, ‘ஐந்து ஒன்பது’ என்றே பேசிக்கொள்கிறார்கள். தசமப் புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்களுக்கு மதிப்பே இல்லை என்று நினைக்கும் ஏழாம் வகுப்பு மாணவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது பின்னம். ஓர் இயந்திரம் சராசரியாக எவ்வளவு நேரம் பழுதின்றி ஓடுகிறது, பழுதானால் சரிசெய்ய எவ்வளவு நேரமாகிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். ஓடும் நேரத்தை, ஓடும் நேரமும் பழுதுநீக்கும் நேரமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே சேவை கிடைக்கும் விகிதம். 1,000 மணிக்கு ஒருமுறை பழுது, சரிசெய்ய 10 மணி என்றால் 1000/1010, ஏறக்குறைய 99.01 சதவீதம். இப்போது இரண்டு வழிகளைக் கொடுங்கள். விலை உயர்ந்த இயந்திரம் வாங்கிப் பழுதின்றி ஓடும் காலத்தை இரட்டிப்பாக்கினால் 2000/2010, அதாவது 99.50. பழைய இயந்திரத்தையே வைத்துக்கொண்டு பழுதுநீக்கும் நேரத்தை 10 மணியிலிருந்து 1 மணியாகக் குறைத்தால் 1000/1001, அதாவது 99.90. பழுதே வராமல் பார்த்துக்கொள்வதைவிட, வந்தால் விரைந்து எழுவது பல நேரங்களில் மலிவாகவும் பலன் மிகுந்ததாகவும் இருக்கிறது. தரவுத்தளத்தை நிற்காமல் ஓட்டுவோர் செய்யும் ஏற்பாடுகளில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது.

இரண்டிரண்டாக வைத்தால்?

இனி நிகழ்தகவு. ஒரு சேவையகம் பழுதாகிக் கிடக்கும் நிகழ்தகவு 0.01 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு இரண்டாக வைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்று வேலையை எடுத்துக்கொள்ளும்படி செய்தால், இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்து கிடக்கும் நிகழ்தகவு 0.01 × 0.01 = 0.0001. ஆக 99 சதவீதம் 99.99 ஆகிவிடுகிறது. எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு உண்டு. வலையமைப்பு, செயலி ஓடும் கணினி, தரவுத்தளம் ஆகிய மூன்றும் சங்கிலிபோல ஒன்றையொன்று நம்பியிருந்தால், ஒவ்வொன்றும் 99 சதவீதமாக இருந்தாலும் மொத்தம் 0.99 × 0.99 × 0.99, ஏறக்குறைய 97 சதவீதம்தான். ஆண்டுக்கு 260 மணி நேரம் போய்விடும். தொடரிணைப்பு, பக்க இணைப்பு நடத்தும் இயற்பியல் ஆசிரியர் இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.

இரண்டிரண்டாக வைக்கும் கொள்கையை வணிகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, அமெரிக்காவில் 1974-இல் ஜேம்ஸ் டிரெய்பிக் தொடங்கிய டேண்டம் கணினி நிறுவனம். டேண்டம் என்பது இருவர் முன்னும் பின்னுமாக அமர்ந்து மிதிக்கும் சைக்கிளுக்கும் பெயர். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. செயலி, நினைவகம், வன்தட்டு, மின்வழங்கி என்று எல்லாவற்றையும் ஒன்றுக்கு மேல் வைத்து, எந்த ஒன்று செத்தாலும் இயந்திரம் நிற்காதபடி கட்டினார்கள். 1976-இல் அதன் முதல் வாடிக்கையாளரானது சிட்டி பேங்க். ஏ.டி.எம். இயந்திரங்களும் பங்குச்சந்தைகளும் பரவிய காலத்தில் இவ்வகைக் கணினிகளுக்கு நல்ல வரவேற்பு இருந்தது.

ஆனால் மேலே போட்ட பெருக்கல் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். இந்தச் சொல்லை மனப்பாடமாக எழுதும் மாணவர்களுக்கு அதன் பொருள் இங்கேதான் பிடிபடும். பள்ளி மேல்நிலைத் தொட்டிக்கு இரண்டு மோட்டார் வைத்திருக்கிறோம், இரண்டும் ஒரே மின்மாற்றியிலிருந்து மின்சாரம் பெறுகின்றன, மின்மாற்றி போனால்? இரண்டு சேவையகங்கள் ஒரே அறையில், ஒரே மின்னிணைப்பில், ஒரே குளிரூட்டியை நம்பி இருந்தால் 0.01 × 0.01 என்ற கணக்கு வெறும் காகிதக் கணக்கு. இரண்டிலும் ஒரே மென்பொருள் ஓடினால், அந்த மென்பொருளில் உள்ள பிழையும் இரண்டிலும் இருக்கும். “இது ‘சாரா நிகழ்ச்சி’யா?” என்று கேட்டு, அன்றாட வாழ்விலிருந்து ஐந்து இணைகளைப் பட்டியலிடச் சொன்னால் அரை மணி நேரம் போவது தெரியாது.

அதே டேண்டம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே, 1985-இல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். கணினிகள் ஏன் நிற்கின்றன என்பதே அவருடைய கேள்வி. டேண்டம் வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த பழுது அறிக்கைகளைப் பிரித்துப் பார்த்தார். வன்பொருள் பழுதால் நின்றவை 18 சதவீதம். மென்பொருளால் 25 சதவீதம். நிர்வாகம், பராமரிப்பு, அமைப்பு மாற்றம் ஆகியவற்றில் மனிதக் கை பட்டதால் நின்றவை 42 சதவீதம். எல்லாவற்றையும் இரட்டிப்பாக வைத்த இயந்திரத்தில் வன்பொருள் பழுது பின்னுக்குப் போய், அதை இயக்கும் மனிதர் முன்னுக்கு வந்துவிட்டார். தரவுத்தளப் பரிமாற்றங்கள் குறித்த ஆய்வுகளுக்காகக் கிரே பின்னர், 1998-க்கான டூரிங் விருதைப் பெற்றார். 2007 ஜனவரியில் தனியாகப் பாய்மரப் படகில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை.

குறிப்பேடும் பேரேடும்

இரண்டு சேவையகங்களை வைத்துவிட்டால் போதாது. இரண்டிலும் ஒரே தரவு இருக்க வேண்டும். அது நொடிக்கு நொடி மாறிக்கொண்டும் இருக்கிறது. கணக்குப்பதிவியல் படிக்கும் மாணவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். நடவடிக்கையை முதலில் தேதி வரிசைப்படி குறிப்பேட்டில் எழுதுகிறோம். பிறகு அங்கிருந்து உரிய கணக்குகளுக்குப் பேரேட்டில் எடுத்து எழுதுகிறோம். பேரேடு தொலைந்தாலும் குறிப்பேடு இருந்தால் மறுபடியும் எழுதிவிடலாம்.

தரவுத்தள மென்பொருளும் இதையேதான் செய்கிறது. ஒரு மாற்றம் வந்தால் அதை முதலில் ஒரு குறிப்பேட்டுக் கோப்பின் கடைசியில் எழுதி, வன்தட்டில் பதிந்துவிட்டதை உறுதி செய்துகொண்ட பின்னரே “ஆயிற்று” என்று பயனருக்குச் சொல்கிறது. அட்டவணைகளில் திருத்துவது அதன் பிறகு நிதானமாக நடக்கும். நடுவில் மின்சாரம் போனால், மீண்டும் எழும்போது குறிப்பேட்டைப் படித்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்கிறது. இந்தக் குறிப்பேட்டின் வரிகளை அவ்வப்போது இன்னொரு கணினிக்கு அனுப்பி, அங்கேயும் அதே வரிசையில் எழுதச் செய்தால் நமக்கு ஒரு நேரடி நகல் கிடைத்துவிடும். முதன்மைக் கணினி விழுந்தால் நகல் முதன்மையாகும்.

இங்கே ஒரு முடிவெடுக்க வேண்டும். முதன்மைக் கணினி தன் குறிப்பேட்டில் எழுதியதும் “ஆயிற்று” என்று சொல்லிவிடலாமா, அல்லது நகலும் எழுதிவிட்டேன் என்று பதில் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டுமா? காத்திருக்காவிட்டால் வேகம்; ஆனால் முதன்மை விழும் நொடியில் இன்னும் அனுப்பப்படாத வரிகள் தொலைந்துபோகும். காத்திருந்தால் எதுவும் தொலையாது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பயணநேரம் கூடும். அந்தப் பயணநேரத்துக்கு இயற்பியல் ஒரு கீழ் எல்லை வைத்திருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். சென்னைக்கும் டெல்லிக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 1,750 கி.மீ. போய்த் திரும்ப 3,500 கி.மீ. ஆகவே 17.5 மில்லிநொடிக்குக் குறைவாக எந்தப் பணத்தாலும் முடியாது. ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே நடக்கக்கூடிய பதிவுகள் என்றால் நொடிக்கு 57-ஐத் தாண்டாது. இந்தக் கணக்கை மாணவர்களே போட்டு முடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். ஒளியின் வேகம் பயணச்சீட்டு முன்பதிவோடு தொடர்புடையது என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

நகல் இருந்தும் தொலைந்தது

இனி உண்மையில் நடந்த இரண்டு நிகழ்வுகள். இரண்டையும் அந்தந்த நிறுவனங்களே விரிவாக எழுதி வெளியிட்டிருக்கின்றன. மறைக்காமல் எழுதியதாலேயே நம்மால் வகுப்பில் பேச முடிகிறது.

முதலாவது, நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேர்த்துவைக்கப் பயன்படுத்தும் கிட்லேப் என்ற சேவை. 2017 ஜனவரி 31. அவர்களிடம் ஒரு முதன்மைத் தரவுத்தளம், ஒரு நேரடி நகல். அன்று வேண்டாத கணக்குகளின் தொல்லையால் சுமை ஏறியது. நகலால் ஈடுகொடுக்க முடியவில்லை, பின்தங்கியது. அதற்குத் தேவையான குறிப்பேட்டு வரிகள் முதன்மையிலிருந்தும் அழிக்கப்பட்டுவிட்டதால், நகலை அடியோடு மறுபடி உருவாக்க வேண்டிய நிலை. அதற்கு முதலில் நகல் கணினியில் உள்ள தரவு அடைவைக் காலிசெய்ய வேண்டும். இரவாகிவிட்டது, பலமுறை முயன்றும் சரிவரவில்லை. பொறியாளர் ஒருவர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு நொடிகளில் அவருக்குத் தெரிந்துவிட்டது, கட்டளை போனது நகலுக்கு அன்று, முதன்மைக்கு என்று. உடனே நிறுத்தினார். சுமார் 300 ஜிகாபைட்டில் எஞ்சியது 4.5 ஜிகாபைட்.

காப்பு நகல்களைத் தேடினார்கள். நாள்தோறும் தானாக எடுக்கப்பட வேண்டிய காப்பு நகல், காப்பு எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் எடுக்கப்படாமலே இருந்தது. ஏதேனும் தவறினால் மின்னஞ்சல் வர வேண்டும். அந்த மின்னஞ்சல்களை, முறையாக ஒப்பமிடப்படவில்லை என்று பெறும் சேவையகம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. மேகக் கணினி நிறுவனத்தின் வட்டுப் பதிவு வசதி மற்றச் சேவையகங்களுக்கு இயக்கப்பட்டிருந்தது; தரவுத்தளச் சேவையகங்களுக்கு இல்லை. கடைசியில் கைகொடுத்தது, சோதனைக் கணினிக்காக அதே பொறியாளர் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்துவைத்த ஒரு படி. அதிலிருந்து மீட்டு எழச் சுமார் 18 மணி நேரமாயிற்று. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் உருவான ஏறக்குறைய 5,000 திட்டப் பதிவுகள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் திரும்பக் கிடைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாக ஒளிபரப்பினார்கள். அந்தப் பொறியாளரைத் தூக்கிலேற்றாமல், முறையில் எங்கே ஓட்டை என்று தேடினார்கள். அந்த அணுகுமுறை எனக்குப் பிடித்தது.

மாணவர்களிடம் இங்கே நிறுத்திக் கேட்க வேண்டியது: நேரடி நகல் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்திருந்தால் எல்லாம் தப்பியிருக்குமா? கோப்புகளை அழித்த இந்தத் தவறிலிருந்து தப்பியிருக்கும். ஆனால் அவர் அட்டவணையை நீக்கும் ஒரு தரவுத்தளக் கட்டளையைத் தவறுதலாகக் கொடுத்திருந்தால்? அது குறிப்பேட்டில் ஒரு வரியாகப் பதிவாகி, அடுத்த நொடியே நகலுக்கும் போய், அங்கேயும் அட்டவணை நீங்கியிருக்கும். நேரடி நகல் இயந்திரம் சாவதிலிருந்து காக்கும். நேற்றைக்குத் திரும்பிப் போக வேண்டுமென்றால் தனியே எடுத்துவைத்த காப்பு நகல் வேண்டும். முன்வரிசை மாணவர் சொன்ன “பேக்கப்” என்ற பதில் ஏன் அரைப்பங்கு உண்மை என்பது இப்போது விளங்கும். காப்பு நகல் தரவைத் திருப்பித் தரும். ஆனால் மணிக்கணக்கில் காத்திருக்க வைக்கும். ஏ.டி.எம். முன்னால் நிற்பவருக்கு அது உதவாது.

நம் பள்ளிகளுக்கும் இதில் ஒரு சிறு வேலை இருக்கிறது. மதிப்பெண் கோப்புகளையும் பதிவேட்டுக் கோப்புகளையும் பென் டிரைவில் போட்டு, கணினி இருக்கும் அதே மேசை இழுப்பறையில் வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வேறு அறையில், முடிந்தால் வேறு கட்டடத்தில் வையுங்கள். பருவத்துக்கு ஒருமுறை அந்தப் பென் டிரைவை வேறொரு கணினியில் செருகி, கோப்பைத் திறந்து, நாலைந்து மாணவர்களின் மதிப்பெண்ணைச் சரிபாருங்கள். பத்து நிமிட வேலை. திறந்து பார்க்காத காப்பு நகல் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. கிட்லேப்பில் ‘இருந்த’வையும் அப்படித்தான் இருந்தன.

43 நொடியும் ஒரு நாளும்

இரண்டாவது நிகழ்வு கிட்ஹப் நிறுவனத்தில், 2018 அக்டோபர் 21 அன்று. இங்கே ஏற்பாடுகள் எல்லாம் நன்றாகவே வேலை செய்தன. அதுதான் சிக்கல்.

அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் முதன்மைத் தரவு மையம். பழுதான ஓர் ஒளியிழைக் கருவியை மாற்றும் வழக்கமான பணியின்போது, அந்த மையத்துக்கும் வெளியுலகுக்கும் இருந்த தொடர்பு 43 நொடிகள் அறுந்தது. முதன்மை விழுந்துவிட்டது என்று தானியங்கி மென்பொருள் முடிவுசெய்து, மேற்குக் கடற்கரையில் இருந்த நகல்களை முதன்மையாக்கியது. அதற்காகவே வைக்கப்பட்ட மென்பொருள்தான். தன் வேலையைச் செய்தது. ஆனால் கிழக்கே இருந்த தரவுத்தளங்கள் செத்துவிடவில்லை. அறுந்த அந்த நொடிகளில் அங்கே பதிவான சில மாற்றங்கள் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. தொடர்பு திரும்பியதும் பார்த்தால், இரு கரைகளிலும் மற்றதில் இல்லாத வரிகள். இரண்டு குறிப்பேடுகளும் வெவ்வேறு கதை சொன்னால் எது மெய்? மிகுந்த பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத் தொகுப்புகளில் ஒன்றில் மட்டும் அப்படித் தனித்து நின்ற பதிவுகள் 954.

கிட்ஹப் பொறியாளர்கள் சேவையை விரைவில் முழுமையாகத் திறப்பதைவிடத் தரவு சிதையாமல் காப்பதே முதன்மை என்று முடிவெடுத்தார்கள். சில வசதிகளை வேண்டுமென்றே நிறுத்திவைத்து, காப்பு நகல்களிலிருந்து தரவை மீட்டு, இரு கரைகளையும் ஒப்பிட்டு ஒழுங்குபடுத்தினார்கள். 43 நொடித் துண்டிப்பால் சேவை 24 மணி 11 நிமிடம் குன்றிக் கிடந்தது. அவர்கள் எடுத்த முடிவு சரியானது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்தும் வகுப்பில் எழும்; எழட்டும். மருத்துவமனையில் நோயாளியின் இரத்தப்பிரிவு ஏடு திறக்காமல் இருப்பது மேலா, தவறான இரத்தப்பிரிவைக் காட்டுவது மேலா என்று கேட்டால் விவாதம் சூடுபிடிக்கும். பாடல் கேட்கும் செயலிக்கு விடை மாறும் என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. 2000-இல் எரிக் புரூவர் ஊகமாக முன்வைத்தார். 2002-இல் கில்பர்ட், லிஞ்ச் இருவரும் நிறுவினர். அதைத் திருமண மண்டபத்தை வைத்துச் சொன்னால் எட்டாம் வகுப்புக்கும் புரியும். ஊரில் ஒரு மண்டபம். அதற்கு வடக்குத் தெருவில் ஒன்று, தெற்குத் தெருவில் ஒன்று என இரண்டு முன்பதிவு அலுவலகங்கள். ஒவ்வொரு முன்பதிவின்போதும் தொலைபேசியில் பேசி இருவரும் தம் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். ஒருநாள் தொலைபேசி அறுந்துவிட்டது. தை மாத முகூர்த்த நாள் ஒன்றைக் கேட்டு வடக்கே ஒரு பெண் வீட்டார் வந்து நிற்கிறார்கள். கொடுக்கலாமா? கொடுத்தால், அதே நாளைத் தெற்கே இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்திருக்க வாய்ப்புண்டு. முகூர்த்தத்தன்று இரண்டு மாப்பிள்ளை அழைப்பு வாசலில் சந்திக்கும். “தொலைபேசி வந்ததும் வாருங்கள்” என்றால் ஏடு சரியாக இருக்கும். ஆனால் கடை திறந்திருந்தும் மூடியதற்குச் சமம். தொடர்பு அறுந்திருக்கும்போது இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. மூன்றாம் வழி இல்லை என்பதுதான் நிறுவப்பட்ட செய்தி.

இருவரும் தாமே முதன்மை என்று நினைத்துக்கொள்ளும் இந்த இரட்டைத் தலைமையைத் தவிர்க்கப் பெரும்பான்மை விதி உதவுகிறது. மூன்று அலுவலகங்கள் வைத்து, குறைந்தது இரண்டின் ஒப்புதல் இருந்தால்தான் முன்பதிவு என்று சொல்லிவிட்டால், தனித்துப்போன ஓர் அலுவலகத்தால் எதுவும் எழுத முடியாது; மற்ற இரண்டும் வேலையைத் தொடரும். நான்காக்கினால் என்ன? நான்கில் பெரும்பான்மை மூன்று. அப்போதும் ஒன்று விழுவதைத்தான் தாங்கும். கூடுதல் செலவுக்குப் பலன் இல்லை. ஐந்தாக்கினால் இரண்டு விழுவதைத் தாங்கும். இத்தகைய அமைப்புகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைப்பது ஏன் என்று கேட்டு, அட்டவணை போட்டுக் கண்டுபிடிக்க விடுங்கள்.

வகுப்பில் செய்து பார்க்க

ஒரு பாடவேளை போதும். மூன்று நோட்டுகள், துண்டுச் சீட்டுகள், ஒரு கடிகாரம். வகுப்பறையின் மூன்று மூலைகளில் மூன்று மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டு, ஓர் எழுத்தர். ஒரு மேசை முதன்மை. மற்ற மாணவர்களில் இருவர் தூதர்கள். மீதிப்பேர் மண்டபம் கேட்டு வரும் குடும்பத்தினர். முதல் சுற்றில் முதன்மை எழுத்தர் தம் நோட்டில் எழுதியதும் “ஆயிற்று” என்று அனுப்பிவிட வேண்டும். பிறகு சீட்டில் எழுதித் தூதரிடம் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, முன்னறிவிப்பின்றி முதன்மை நோட்டை மூடி எடுத்துவிடுங்கள். மற்ற நோட்டுகளில் எத்தனை முன்பதிவு குறைகிறது என்று எண்ணுங்கள். “ஆயிற்று” என்று சொல்லப்பட்டும் மண்டபம் கிடைக்காத குடும்பத்தினரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் சுற்றில், இன்னொரு மேசையிலிருந்து கையொப்பமிட்ட சீட்டு திரும்பி வந்த பிறகே “ஆயிற்று” சொல்லலாம். அதே ஐந்து நிமிடம். இப்போது எழுந்து நிற்க யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் மொத்த முன்பதிவு குறைந்திருக்கும், வரிசை நீண்டிருக்கும். இரு எண்ணிக்கைகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றாம் சுற்றில் முதன்மை மேசையைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு போட்டு, தூதர்கள் உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள், குடும்பத்தினர் போகலாம். பெரும்பான்மை விதியை முதலில் சொல்லாதீர்கள். ஒரே தேதிக்கு இரண்டு மேசைகளிலும் சீட்டு வாங்கி வந்து சண்டை வரட்டும். பிறகு விதியை அவர்களே வகுக்கட்டும்.

நேரமிருந்தால் நான்காம் சுற்றாகப் பழுதில்லா மாற்றத்தையும் செய்யலாம். முதன்மை எழுத்தருக்கு ஓய்வு வேண்டும். கடையை மூடாமல் எப்படி மாற்றுவது? புதிய வரவுகளைச் சில நொடி நிறுத்தி, போகவேண்டிய சீட்டுகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதைப் பார்த்து, அடுத்த மேசையை முதன்மையாக்கிவிட்டு இவர் எழுந்திருக்கலாம். பெரிய நிறுவனங்கள் தரவுத்தள மென்பொருளைப் புதுப்பிப்பதும் இப்படித்தான், ஒவ்வொரு கணினியாக.

ஐந்தாம் வகுப்புக்கு முதல் இரண்டு சுற்றுகள் போதும். மண்டபத்துக்குப் பதில் நூலகப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். சீட்டுகளுக்கு வரிசை எண் இடும்படி நீங்களாகச் சொல்ல வேண்டாம். இரண்டு தூதர்களில் வேகமாக ஓடுபவர் பின்னால் எழுதிய சீட்டை முன்னால் கொண்டுவந்து சேர்ப்பார். முதலில் கேட்டவருக்குத் தேதி போய்விடும். அப்போது யாராவது ஒருவர், “சார், சீட்டுல நம்பர் போட்டுக்கலாமா?” என்று கேட்பார். தரவுத்தளக் குறிப்பேட்டின் ஒவ்வொரு வரிக்கும் அப்படி ஓர் எண் உண்டு என்பதை அப்போது சொன்னால் போதும்.